குடைச்சல் வேறு, எரிச்சல் வேறு

என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று தெரியவந்தது 2022 நவம்பரில். அவர் இறந்தது 2023 ஆகஸ்ட் கடைசியில். நடுவில் இருந்த ஒன்பது மாதத்தில் முதல் ஆறு மாதம் அவர் பட்ட வலியில் பெரும்பகுதி பட்டிருக்கவே வேண்டியதில்லை. கடைசி மூன்று மாதத்தில் உடம்பு இன்னும் மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்று மாதத்தில்தான் அத்தை இரவில் தூங்கினார், பேரப்பிள்ளைகளோடு சீட்டாடினார், ஆடிக் கூழ் சரியாகப் புளிக்கவில்லை என்று என்னைத் திட்டினார். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை, இதே நிலையில் வீட்டில் ஒருவரை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில். நான் திருநெல்வேலிக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். அத்தை இந்த ஊரிலேயே பிறந்தவர். 1860இல் ட்ரூரோ கப்பலில் இந்தியத் தொழிலாளர்களின் முதல் கூட்டம் வந்து இறங்கிய பிறகு, கரும்புத் தோட்ட வேலைக்கு வட ஆற்காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. சின்ன வயதில் டர்பனிலேயே கேட்டோ மேனர் பகுதியில் இருந்தார்கள். அப்பா கீரைத்தோட்டம் போட்டிருந்தார். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்ற சட்டம் வந்து அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள். அதன்பின் சாட்ஸ்வொர்த், தையல் ஃபேக்டரி வேலை, ஆங்கிலம். பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டது. அத்தையிடம் மட்டும் அவருடைய ஆயா, அதாவது பாட்டி, கொடுத்த தமிழ் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சமையல் தமிழ், கோயில் தமிழ், உடம்புத் தமிழ். நான் வந்தபிறகு அதையெல்லாம் எடுத்து என்னிடம் பேசுவார். அரசியலோ வங்கிக் கணக்கோ என்றால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். பல்வலி என்றால் தமிழ்தான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் கதையில் பாதி இதில்தான் இருக்கிறது.

மார்பில் கட்டி இருந்ததை அவர் ஒரு வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. கட்டி உடைந்து புண்ணாகி, அதன்மேல் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார். மகனிடம் சொல்ல வெட்கம், என்னிடம் சொல்லப் பயம். இடுப்பு வலி தாங்காமல் போனபோதுதான் டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. முழுசாகக் குணமாக்க முடியாது, கட்டுப்படுத்த மாத்திரை தரலாம் என்றார்கள். ஹார்மோன் மாத்திரை தொடங்கியது.

மாதா மாதம் மருத்துவமனைக்குப் போவோம். டாக்டர் ஆங்கிலத்தில் “எப்படி இருக்கிறீர்கள்?” என்பார். “ஐயாம் ஃபைன், டாக்டர்” என்பார் அத்தை. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்லுங்கள் என்றால் மூன்று என்பார். அந்தத் தலைமுறைக்கு டாக்டர் முன்னால் முனகுவது மரியாதைக் குறைவு. வெளியே கூட்டம் காத்திருக்கிறது, இவர் நேரத்தை நாம் எடுக்கக்கூடாது என்ற எண்ணமும் உண்டு. வண்டியில் ஏறி கதவைச் சாத்தினதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இடுப்பு குடையுது பாப்பா, தாங்கலை” என்பார். நான் தலையைத் தடவிக்கொடுப்பேன். அவர் வண்டியில் சொன்னதைத் திரும்பப் போய் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறு மாதம் தோன்றவில்லை. இன்றைக்கும் என் மனதை அறுப்பது அதுதான்.

டிசம்பரிலேயே மருத்துவமனையின் சமூகப் பணியாளர் எங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்திருந்தார். எங்கள் பகுதி ஹாஸ்பிஸின், அதாவது தீராத நோய் உள்ளவர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் அமைப்பின், தொலைபேசி எண். என் கணவர் அதை மைக்ரோவேவுக்கு மேலே இருந்த டிராயரில் போட்டு மூடினார். எங்கள் எல்லோருக்கும் ஹாஸ்பிஸ் என்றால் சாகப் போகிறவர்களைக் கொண்டு போய் விடும் இடம். மார்ஃபின் என்றால் கடைசி ஊசி. நாத்தனார் சொன்னாள், “அம்மாவுக்கு இன்னும் அந்த நிலைமை வரவில்லை.” நானும் ஆமாம் என்றேன்.

அது தவறு என்று இப்போது தெரியும். நவீன ஹாஸ்பிஸ் என்ற ஏற்பாட்டுக்கு வழி போட்டவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், அதன்பின் மருத்துவம் படித்து டாக்டரானவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடம்பு நோவு, மனசு நோவு, குடும்பக் கவலை, சாமி மேல் வரும் கோபம் எல்லாம் சேர்ந்துதான் ஒருவருடைய வலி, ஒன்றை விட்டு ஒன்றைத் தணிக்க முடியாது என்பது அவர் சொன்னது. நோய்த்தணிப்பு மருத்துவம், இங்கே எல்லோரும் சொல்கிறபடி பாலியேட்டிவ் கேர், அதிலிருந்து வளர்ந்தது. நோய் முற்றியது என்று தெரிந்த அன்றைக்கே, மற்ற சிகிச்சையோடு சேர்த்தே, இதைத் தொடங்கலாம். 2010இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் நடந்த ஆய்வு ஒன்று பெயர் பெற்றது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தொடக்கத்திலேயே பாலியேட்டிவ் கேர் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, நாட்கள் நன்றாகப் போயின. அதோடு அவர்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் 11.6 மாதத்துக்கு மேல் இருந்தார்கள், மற்றவர்களில் பாதிப் பேர் 8.9 மாதத்துக்கு மேல். ஹாஸ்பிஸுக்குப் போன் பண்ணினால் சீக்கிரம் போய்விடுவார் என்று பயந்த எங்களுக்கு இதை அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

2023 மே மாதம் ஒரு ராத்திரி. லோட்ஷெடிங், வீடெல்லாம் இருட்டு. கழிப்பறையில் உட்கார்ந்த அத்தையால் எழுந்திருக்க முடியவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நானும் அவர் மகனும் தூக்கினோம். “மாரியாத்தா, என்னைக் கொண்டுபோயிடு” என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. என் கணவருக்கு வார்த்தை புரியவில்லை, குரல் புரிந்தது. படுக்க வைத்துவிட்டு நேரே போய் டிராயரைத் திறந்தார்.

திங்கட்கிழமை போன் பண்ணினோம், புதன்கிழமை சிஸ்டர் வந்தார். இங்கே நர்ஸை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயசு இருக்கும், சூலு இனத்து அம்மா. காலணியை வாசலில் கழற்றிவிட்டு வந்து, நாற்காலியை விட்டுவிட்டு அத்தையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “சவுபோனா, கோகோ” என்றார். சூலு மொழியில் சவுபோனா என்றால் வணக்கம், கோகோ என்றால் பாட்டி. எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு அத்தை வழக்கம்போல ஃபைன் என்றார். சிஸ்டர் விடவில்லை. என் பக்கம் திரும்பி, “ராத்திரியில் இவர் உன்னிடம் என்ன வார்த்தை சொல்கிறார்? அதே வார்த்தையைச் சொல்” என்றார்.

நான் சொன்னேன். இடுப்பு குடையுது. தோளிலிருந்து கைக்கு எரியுது. புண் விண்விண்ணு தெறிக்குது. வயிறு முறுக்குது.

ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டார். குடைவது என்றால் என்ன? மரத்தை வண்டு குடைகிற மாதிரி, ஆழத்தில், நிற்காமல், அசைந்தால் அதிகமாகும் என்றேன். எரிவது? மிளகாய் பட்ட மாதிரி மேலோட்டமாக ஓடும், சேலை உரசினாலே தாங்காது. விண்விண்? நாடி துடிக்கிற மாதிரி விட்டு விட்டு. முறுக்குவது? ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி வந்து வந்து போகும். சிஸ்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “இது ஒரு வலி இல்லை, நாலு வலி. நாலுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. நீங்கள் ஒரே மாத்திரையை நாலுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.”

குடைச்சல், எலும்பில் பரவிய நோயால். எரிச்சல், கட்டி நரம்பை அழுத்துவதால். விண்விண் என்பது புண்ணில் கிருமி பிடித்ததால். முறுக்கல் புற்றுநோயே இல்லை. கோடீன் கலந்த வலி மாத்திரையால் ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அத்தை அதையும் நோய் வயிற்றுக்குப் பரவிவிட்டது என்று நினைத்து மனதுக்குள் வைத்திருந்தார்.

ஹாஸ்பிஸ் டாக்டர் மருந்தை மாற்றினார். எலும்பு வலிக்கு மார்ஃபின் திரவம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடிகாரம் பார்த்து. கூடவே பாரசிட்டமால். நரம்பு எரிச்சலுக்கு ராத்திரியில் சின்ன அளவு அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்குத் தருகிற மருந்தாயிற்றே என்று பயந்தேன். குறைந்த அளவில் நரம்பு வலிக்குப் பல வருஷமாகக் கொடுப்பதுதான் என்று விளக்கினார்கள். மலச்சிக்கலுக்கு சென்னா மாத்திரை. இது மார்ஃபின் இருக்கும்வரை தினமும் உண்டு. மார்ஃபினால் வரும் மற்ற தொல்லைகள், தூக்கக் கலக்கமும் குமட்டலும், சில நாளில் பெரும்பாலும் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. மார்ஃபின் எழுதிக் கொடுத்து மலமிளக்கி எழுதாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கடிகாரம் பார்த்துக் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் அதுவரை “தாங்க முடியாவிட்டால் சொல்லுங்க அத்தை, மாத்திரை தரேன்” என்றுதான் வைத்திருந்தோம். அவர் தாங்கித் தாங்கி, கடைசியில் கேட்பார். மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் வலி உச்சிக்குப் போய் இறங்க மறுக்கும். எப்போதும் இருக்கிற வலிக்கு, அது தலை தூக்குவதற்கு முன்பே அடுத்த வேளை மருந்து உள்ளே போக வேண்டும். நடுவில் மீறி வந்தால் அதற்கென்று டாக்டர் குறித்துத் தந்த கூடுதல் அளவு. அதை எத்தனை தடவை கொடுத்தோம் என்று நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த வாரம் வழக்கமான அளவைக் கூட்ட வேண்டுமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

மார்ஃபினுக்கு அடிமையாகிவிடுவாரோ என்று என் கணவர் கேட்டார். எழுபத்து நாலு வயதில், எலும்பில் நோயோடு இருப்பவரைப் பற்றித்தான் அந்தக் கேள்வி. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். வலிக்காகச் சரியான அளவில் எடுப்பவர் போதைக்காகத் தேடுபவர் இல்லை என்று சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். மெதுவாக அளவைக் கூட்டிக் கொடுக்கிற மார்ஃபின் உயிரைக் குறைக்காது என்றும் சொன்னார். இந்த ஊரில் மார்ஃபின் ஆறாம் அட்டவணை மருந்து. ஒவ்வொரு முறையும் டாக்டரின் புதுச் சீட்டு வேண்டும், முப்பது நாளுக்கு மேல் ஒரே தடவையில் தரமாட்டார்கள், பழைய சீட்டில் திரும்ப வாங்க முடியாது. அதனால் பாட்டிலில் ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குச் சொல்லிவிடுவேன். வெள்ளிக்கிழமை மாலை மருந்து தீர்ந்தால் சனி ஞாயிறு நரகம். பாட்டிலைப் பூட்டி வைக்க ஒரு தகரப் பெட்டி வாங்கினோம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள்.

உலகத்தில் எத்தனையோ பேருக்கு இந்தக் கசப்புத் திரவம் கண்ணிலேயே படுவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 298 டன் மார்ஃபினுக்குச் சமமான வலி மருந்து உலகம் முழுக்கப் போகிறது, அதில் மிக ஏழ்மையான நாடுகளுக்குக் கிடைப்பது 0.1 டன் என்று 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் எழுதியது. எங்களுக்குக் கிடைக்கிற இடத்தில் இருந்துகொண்டு, பயத்தால் ஆறு மாதம் வாங்காமல் இருந்திருக்கிறோம்.

நாலாவது நாள் அத்தை ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவர் காலை ஐந்துக்குத்தான் கண் விழித்தார். நான் இரண்டு தடவை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

புண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் வீட்டில் அதிகம் உறுத்தியது இதுதான். உடைந்த மார்புக் கட்டிக்கு ஒரு வாடை உண்டு. அத்தைக்கு அது தெரியும். அதனால் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் விரட்டுவார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதையும் நிறுத்தியிருந்தார். கேட்டால் குனிய முடியவில்லை என்பார். உண்மை அது இல்லை, அந்த உடம்போடு சாமி முன்னால் நிற்கக் கூசினார். சிஸ்டர் புண்ணைத் திறந்து பார்த்து முகம் சுளிக்காமல், உப்பு நீரில் நனைத்துக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினார். அந்த வாடை காற்றில்லாமல் வாழும் கிருமிகளால் வருவது, அவற்றைக் கொல்லும் மருந்து அது. தினமும் எப்படிக் கட்டுவது என்று என் கையாலேயே செய்ய வைத்துக் காட்டினார். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது, நனைத்து எடுக்க வேண்டும். கட்டு மாற்ற அரை மணிக்கு முன்னால் கூடுதல் மார்ஃபின் கொடுக்க வேண்டும். அஞ்சாறு நாளில் வாடை போய்விட்டது. அந்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அத்தை தானே போய் விளக்கேற்றினார். அன்றைக்கு நான் சமையலறையில் நின்று அழுதேன்.

எலும்பு வலிக்குக் கதிர்வீச்சும் உண்டு என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. குணமாக்க முடியாது என்றபின் கதிர்வீச்சு எதற்கு என்று இருந்துவிட்டோம். வலிக்கிற எலும்புக்கு ஒரே ஒரு தடவை கொடுத்தாலே பலருக்கு வலி குறையும், பத்துத் தடவை போய்வர வேண்டியதில்லை. ஜூனில் அத்தைக்கு இடுப்புக்கு ஒரு முறை கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மார்ஃபின் அளவைக் குறைக்க முடிந்தது. இங்கே எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு ஆட்களும் இயந்திரங்களும் போதவில்லை என்று மனித உரிமை ஆணையமே 2017இல் கண்டித்திருந்தது. அதனால் இதை நீங்களே முன்கூட்டிக் கேட்டு வரிசையில் நிற்பது நல்லது. அப்படியே இன்னொன்று: முதுகெலும்பில் நோய் இருப்பவருக்குத் திடீரென்று முதுகுவலி கூடி, கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அன்றைக்கே ஓட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நிரந்தரமாக நடக்க முடியாமல் போகலாம். இதை சிஸ்டர் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

ஜூன் கடைசியில் அத்தைக்குத் திடீரென்று நினைவு தடுமாறியது. என்னைச் செத்துப்போன தன் தங்கை பெயரால் கூப்பிட்டார். விடாமல் தண்ணீர் கேட்டார், எதையும் சாப்பிடவில்லை. எல்லோரும் கடைசி நேரம் என்று முடிவு கட்டினார்கள், பெரியம்மா திருநீறு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சிஸ்டர் மட்டும் ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். எலும்பில் நோய் இருந்தால் அது ஏறலாமாம். ஏறித்தான் இருந்தது. ஊசியும் டிரிப்பும் ஏற்றி மூன்றாம் நாள் பழைய அத்தை திரும்பி வந்தார். அதன் பிறகு இரண்டு மாதம் இருந்தார். பாலியேட்டிவ் கேர் என்றால் எதையும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று யாராவது சொன்னால் நான் இந்த மூன்று நாளைத்தான் சொல்வேன்.

அத்தையிடம் நோயைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பது பிள்ளைகள் போட்ட சட்டம். சொன்னால் உடைந்துவிடுவாராம். சிஸ்டர் அதோடு சண்டை போடவில்லை. “நீங்களாக எதையும் சொல்ல வேண்டாம். அவருக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேளுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள்” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். அத்தை ஆங்கிலத்தில் சொன்னதன் அர்த்தம் இதுதான்: எனக்குப் போன வருஷமே தெரியும் மகனே, நீ தாங்க மாட்டாய் என்றுதான் வாயைத் திறக்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எட்டு மாதம் தனித்தனியாகத் தவித்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிறகு அவர் வரிசையாகச் சொன்னார். மருத்துவமனையில் சாக மாட்டேன். மூக்குத்தி பேத்திக்கு. கேட்டோ மேனரை ஒரு தடவை பார்க்க வேண்டும். இந்த ஆடிக்கு மாரியம்மனுக்கு என் கையால் கூழ்.

இங்கே ஆடி என்றால் குளிர்காலம். ஜூலை குளிரில், கம்பளியைச் சுற்றிக்கொண்டு, கோயில் வாசலில் கூழ் குடிப்பது டர்பன் தமிழர்களின் ஆடி. கேழ்வரகு இல்லை, மீலி மீல் என்கிற மக்காச்சோள மாவும் புளித்த பாலும். சிஸ்டர் அந்த நாளை ஒரு மருந்துச் சீட்டு மாதிரி திட்டமிட்டார். கிளம்ப அரை மணிக்கு முன் கூடுதல் மருந்து, ஹாஸ்பிஸில் இரவல் வாங்கிய சக்கர நாற்காலி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அத்தை உட்கார்ந்தபடியே கரண்டியைப் பிடித்து முதல் சொம்பு ஊற்றினார். வழியில் கேட்டோ மேனரில் வண்டியை நிறுத்தினோம். வீடு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, சரிவும் புல்லும்தான். கண்ணாடியை இறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அங்கதான் கெணறு” என்றார். அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அன்று ராத்திரி கூடுதல் மருந்து கேட்கவே இல்லை. சாண்டர்ஸ் சொன்னது இதைத்தானோ என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில் உறவினர்களோடு பெரிய பாடு. வருகிறவர்கள் எல்லாம் ‘ஒண்ணும் சாப்பிடலையா, டிரிப் போடுங்க’ என்பார்கள். கடைசி வாரங்களில் உடம்பு சோற்றை ஏற்பதில்லை. சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை, இறந்துகொண்டிருப்பதால்தான் பசி நின்றது. திணித்தால் புரையேறும், வாந்தி வரும், வாங்க மாட்டேன் என்று சொல்லவே அவர் பலத்தைச் செலவு பண்ண வேண்டும். கேட்டபோது கேட்டதை, ஒரு ஸ்பூன் என்றால் ஒரு ஸ்பூன். அத்தைக்கு ஐஸ் கட்டியாக உறைய வைத்த திராட்சைச் சாறு பிடித்தது. வாயை ஈரப்பஞ்சால் துடைத்து, உதட்டில் வாசலின் தடவினால் அவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டைவிட நிறைவு. ஏதாவது ஊட்டினால்தான் மனசு ஆறும் என்று வருகிற பெரியம்மாக்களுக்கு இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சண்டை நின்றது.

காற்றடைத்த மெத்தை ஒன்று இரவல் கொடுத்தார்கள். மின்சாரத்தில் மாறி மாறி ஊதி இறங்குவது. லோட்ஷெடிங் நேரத்தில் அது வெறும் ரப்பர். அதனால் கரண்ட் போகும் நேரப் பட்டியலைப் பார்த்து அலாரம் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கையாலேயே புரட்டிப் படுக்க வைத்தோம். படுக்கைப் புண் வரவில்லை. மூச்சு வாங்கும்போது பேட்டரியில் ஓடும் சின்ன விசிறியை முகத்துக்கு நேராகப் பிடித்தால் ஆசுவாசம் கிடைத்தது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு அதுதான் கையில் இருந்தது.

ஹாஸ்பிஸ் வருகைக்கு எங்களிடம் பணம் கேட்கவில்லை. இந்த நாட்டு ஹாஸ்பிஸ்கள் பெரும்பாலும் நன்கொடையிலும் பழைய பொருள் விற்கும் கடைகளின் வருமானத்திலும் ஓடுகிறவை. முதியோர் உதவித்தொகை வாங்குபவருக்கு முழுநேரப் பராமரிப்பு தேவைப்பட்டால், அதற்கு மேல் ‘கிராண்ட்-இன்-எய்ட்’ என்று ஒரு தொகையை அரசு தருகிறது. டாக்டர் சான்றிதழோடு, உதவித்தொகைகளைக் கொடுக்கும் அரசு அமைப்பான சாசாவின் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது. நீங்கள் முதல் மாதமே கேளுங்கள். அப்புறம், பார்த்துக்கொள்கிறவரையும் யாராவது பார்க்க வேண்டும். ஒரு நாள் சிஸ்டர் அத்தையைப் பார்த்து முடித்துவிட்டு, “நீ கடைசியாக எப்போது தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினாய்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே நாத்தனாருக்குப் போன் போட்டு, சனிக்கிழமை இரவு இனி உன்னுடையது என்று சொல்லிவிட்டார். நான் கேட்டிருந்தால் மனஸ்தாபமாகியிருக்கும்.

கடைசி மூன்று நாள் அத்தையால் விழுங்க முடியவில்லை. தோலுக்கு அடியில் சின்ன ஊசி வைத்து, பேட்டரியில் இயங்கும் சிறு பம்ப் மூலம் அதே மருந்துகள் போய்க்கொண்டிருந்தன. தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தது. அது கேட்பவருக்குத்தான் கொடுமை, அவருக்கு அது தெரியாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்போம், அவர் வேண்டாம் என்ற இடத்துக்கே கொண்டு போயிருப்போம். யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டாம் என்பதும் ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது. விடியற்காலையில், தன் கட்டிலில், மகன் கையைப் பிடித்திருக்க, பேத்தி காலைத் தடவிக்கொண்டிருக்க, போனார்.

பத்து நாள் கழித்து மீதி மார்ஃபினை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்தோம். மெத்தையையும் நாற்காலியையும் எடுக்க சிஸ்டர் வந்தார். போகும்போது என் நோட்டைக் கேட்டார். முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்த சொற்களைத் தன் டைரியில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார். குடையுது, எரியுது, விண்விண், முறுக்குது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அக்டோபரில் ஒரு நாள் போன் வந்தது. சாட்ஸ்வொர்த்திலேயே வேறொரு வீட்டில் இருக்கிறாராம், ஒரு தாத்தா, பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. “இவர் ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார். இழுக்குது, இழுக்குது என்கிறார். உன் பட்டியலில் இது இல்லையே?”

“அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு சிஸ்டர். கால் நரம்பு இழுக்குதா, மூச்சு இழுக்குதான்னு பாக்கணும். போனை அவர் காதுல வைங்க, நான் கேக்கறேன்.”